தண்டவாளத்துக்குக் கையெழுத்திடும் முன் மனைக்குக் கையெழுத்து வாங்குங்கள்

பெறுநர்: தனியார் நகரிடை ரயில் திட்டங்களுக்கு அனுமதி தரும் போக்குவரத்து ஆணையங்கள், நகரமைப்புத் துறைகள், நிலையம் அமையவிருக்கும் ஊர்களின் மாநகராட்சி மன்றங்கள்

வணக்கம்.

'அரசுக்கு ஒரு காசு செலவில்லை. பாதையும் ரயிலும் எங்கள் பணம். டிக்கெட் வருமானம் போதாவிட்டால் நிலையத்தைச் சுற்றி எழும் அலுவலகங்களும் கடைகளும் வீடுகளும் அதை ஈடுகட்டும்.' இந்தத் தொனியில் ஒரு விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வந்திருக்கும், இல்லையென்றால் வரும். அதைத் திருப்பி அனுப்புங்கள் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. இப்படிப்பட்ட ரயில்கள் ஓடியிருக்கின்றன, ஓடுகின்றன. ஆனால் ரயிலுக்கான ஒப்பந்தத்தை இன்றும் நிலத்துக்கான ஒப்பந்தத்தைப் பிறகும் என்று பிரித்துப் போட்ட இடங்களில் கடைசியில் கடன் ரயிலின் தலையிலும் லாபம் வேறு எங்கோவும் போய்ச் சேர வழி திறந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே ஆவணத்தில் முடியுங்கள். நாங்கள் கேட்பது அவ்வளவுதான். அதற்கான காரணங்களையும், அந்த ஆவணத்தில் என்னென்ன இருக்கவேண்டும் என்பதையும் கீழே எழுதியிருக்கிறோம்.

முதலில், நிலம் ரயிலைத் தாங்கும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். ஜப்பானில் கோபயாஷி இச்சிசோ 1910-ல் ஒசாகாவிலிருந்து புறப்படும் ஒரு மின்ரயில் பாதையைத் திறந்தார். இன்றைய ஹான்க்யூ நிறுவனத்தின் தொடக்கம் அது. பாதை ஓரத்து நிலத்தை முன்கூட்டியே வாங்கி, இகெதாவில் வீடு கட்டி, தவணையில் விற்றார். காலையில் எல்லோரும் நகரை நோக்கிப் போனால் ரயில் திரும்பும்போது காலியாக வருமே என்று மறுமுனையில் தகராசுகாவில் வெந்நீர்க் குளியலிடமும் அரங்கமும் அமைத்தார். 1929-ல் ஒசாகாவின் உமெதா முனையத்திலேயே பல்பொருள் அங்காடியைத் திறந்தார். பின்னாளில் தோக்யூ நிறுவனம் இன்னொரு வழியைக் கையாண்டது. விவசாயிகளின் நிலத்தை முழுதாக வாங்காமல், ஒவ்வொருவரும் ஒரு பகுதியை விட்டுத்தர, சாலையும் வடிகாலும் போட்டு மீதியை ஒழுங்கான மனைகளாக அவர்களிடமே திருப்பிக் கொடுத்தது. வேலையைச் செய்ததற்குக் கூலியாக, ஒதுக்கிவைத்த மனைகளை நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஹாங்காங்கின் மெட்ரோ ரயில் நிறுவனமான எம்.டி.ஆர்., நிலையத்துக்கு மேலும் அருகிலும் கட்டும் உரிமையை, ரயில் வருவதற்கு முந்தைய நில மதிப்பில் அரசிடமிருந்து பெறுகிறது. ரயில் வந்தபின் ஏறும் விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் பாதை அமைக்கும் பணத்தில் ஒரு பெரும் பகுதி.

மூன்றும் வெற்றி பெற்ற முறைகள். ஆனால் மூன்றிலும் நிலையங்கள் நெருக்கமாக இருப்பதைக் கவனியுங்கள். புறநகர்ப் பாதையில் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வரும். ஒவ்வொரு நிலையமும் தன்னைச் சுற்றியுள்ள நிலத்தின் விலையை ஏற்றும். நகரிடைப் பாதையில் அப்படி இல்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் பிரைட்லைன் நிறுவனம் மயாமியிலிருந்து ஆர்லாண்டோவுக்கு ஓட்டும் பாதையின் நீளம் ஏறத்தாழ 378 கிலோமீட்டர். நிலையங்கள் ஆறு: மயாமி, அவெஞ்சுரா, ஃபோர்ட் லாடர்டேல், போகா ரட்டோன், வெஸ்ட் பாம் பீச், ஆர்லாண்டோ. அதிலும் ஆர்லாண்டோ நிலையம் விமான நிலையத்துக்குள் இருக்கிறது. அந்த நிலம் ரயில் நிறுவனத்துடையது இல்லை. ஆறு ஊர்களின் நிலையச் சதுக்கங்கள் 378 கிலோமீட்டர் பாதையைச் சுமக்கவேண்டும் என்றால், புறநகர்க் கணக்கை அப்படியே நகலெடுத்தால் போதாது. விண்ணப்பத்தில் ஹாங்காங் படம் இருந்தால், பாதை நீளத்தை நிலைய எண்ணிக்கையால் வகுத்து வந்த எண்ணை அந்தப் படத்தின் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

இப்போது கடன் கணக்கு. பாதை, ரயில், நிலையம் எல்லாம் சேர்ந்து 100 பங்கு செலவு, அதில் 70 கடன், வட்டி ஆண்டுக்கு 8 சதவீதம் என்று வையுங்கள். ஆண்டு வட்டி 5.6. முதல் மூன்று ஆண்டுகள் ரயில் தன் ஓட்டச் செலவை மட்டும் ஈட்டுகிறது, வட்டிக்கு மிச்சமில்லை என்றால், வட்டி அசலோடு சேர்ந்து 70 என்பது 88 ஆகிவிடும். நிலைய நிலத்தை 20 பங்குக்கு விற்றால் மூன்றரை ஆண்டு வட்டி கட்டலாம். அதோடு நிலமும் போயிற்று. அதே நிலத்தை 6 சதவீத வாடகை வருவாய்க்கு வைத்திருந்தால் ஆண்டுக்கு 1.2 வரும், வட்டியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம்தான், ஆனால் ரயில் ஓடும்வரை வந்துகொண்டே இருக்கும். ஆக, நிலம் ரயிலைத் தனியாகத் தாங்காது. சரியாகக் கட்டிவைத்தால் ஒரு தூணாக நிற்கும். விற்றுவிட்டால் ஒருமுறை கைகொடுத்துவிட்டு மறைந்துவிடும்.

இன்னொரு சிக்கல், காலப் பொருத்தம். கடனுக்கு முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். நிலம் பழுக்கப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். லண்டனிலிருந்து, இங்கிலாந்தையும் பிரான்ஸையும் கடலடியில் இணைக்கும் கால்வாய்ச் சுரங்கம்வரையிலான அதிவேகப் பாதையை 1996-ல் ஒரு தனியார் கூட்டு நிறுவனம் எடுத்தது. லண்டனின் கிங்ஸ் கிராஸ், ஸ்ட்ராட்ஃபோர்டு நிலங்களும் அந்த ஏற்பாட்டில் இருந்தன. 1998-லேயே பணம் திரட்ட முடியாமல் அரசு கைகொடுக்க வேண்டியதாயிற்று. முழுப் பாதையும் திறந்தது 2007-ல். கிங்ஸ் கிராஸ் வட்டாரம் இன்றைய உருவுக்கு வந்தது அதற்கும் பிறகுதான். நில மதிப்பு உண்மையாகவே ஏறியது; ஆனால் முதலில் பந்தயம் கட்டியவர்கள் அதுவரை தாக்குப்பிடிக்கவில்லை.

தைவானின் அதிவேக ரயில் இன்னும் தெளிவான பாடம். 1998-ல் 35 ஆண்டு உரிமை ஒப்பந்தம், 2007 ஜனவரியில் ரயில், 345 கிலோமீட்டர் பாதை. தாவோயுவான், ஷின்சூ, தைச்சுங், சியாயி, தைனான் நிலையங்கள் பழைய நகர மையங்களை விட்டு விலகி, புதிதாக வளரப்போகும் திட்டப்பகுதிகளில் வைக்கப்பட்டன; அங்கே கட்டும் உரிமையும் நிறுவனத்துக்குத் தரப்பட்டது. முதல் ஆண்டில் வந்தவர்கள் சுமார் 1.55 கோடிப் பேர். எதிர்பார்த்ததில் இது ஒரு சிறு பகுதி. நிலைய நகரங்களும் மெதுவாகவே எழுந்தன. கடன் அழுத்தி, 2015-ல் நிதியமைப்பை மாற்றினார்கள்: பங்கு மூலதனத்தைக் குறைத்து, புதிய பணம் போட்டு, உரிமைக் காலத்தை 70 ஆண்டுகளாக்கினார்கள். நிலைய நில உரிமை அரசுக்குத் திரும்பியது. 2023-ல் அதே ரயிலில் ஏழு கோடிக்கு மேற்பட்டோர் பயணம் செய்தார்கள். ரயில் தோற்கவில்லை. 35 ஆண்டில் திருப்பிக் கட்டலாம் என்ற கணக்கும், வயல்வெளியில் நிலையம் வைத்தால் நகரம் உடனே ஓடிவரும் என்ற கணக்கும் தோற்றன.

இனி, ஆவணத்தில் இருக்கவேண்டியவை.

நிலத்தின் அடிப்படை விலை எந்தத் தேதியில் நிர்ணயிக்கப்படும் என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். எங்கள் பரிந்துரை, நிறுவனம் உங்களிடம் முதல் கடிதம் கொடுத்த நாள். பொது அறிவிப்பு நாளை வைத்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் தகவல் கசிந்து, தரகர்கள் அச்சாரம் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். பாதை வரைபடத்தை வெளியிடுவதற்கு முன்பே நிலையத்தைச் சுற்றி 400 மீட்டர் வட்டத்துக்கு வளர்ச்சிக் கட்டுப்பாட்டு அறிவிப்பு தயாராக இருக்கட்டும். இரண்டும் ஒரே நாளில் வரட்டும். அந்த வட்டம் 50 ஹெக்டேர். அதற்குள் எது நிறுவனத்தின் கையில், எது அரசின் கையில், எது தனி நபர்களுடையது என்று சர்வே எண் வாரியாகப் பட்டியல் கேளுங்கள். பட்டியல் இல்லாமல் வரும் வண்ணப் படத்துக்கு மதிப்பில்லை.

கூடுதல் தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்று சொல்லும் எஃப்.எஸ்.ஐ.யை, மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள். மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள்: பாதைக்கான நிலம் முழுவதும் கைக்கு வந்து வேலை தொடங்கும்போது ஒரு பங்கு, முதல் ரயில் ஓடும்போது ஒரு பங்கு, ஒப்பந்தத்தில் சொன்ன எண்ணிக்கையில் ஐந்து ஆண்டு ரயில் ஓட்டியபின் கடைசிப் பங்கு. கோபுரம் கட்டியாயிற்று, ரயில் பிறகு பார்க்கலாம் என்ற நிலை வராமல் தடுக்க இதைவிட எளிய கருவி எங்களுக்குத் தெரியவில்லை.

நிலத்தை விற்கலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. மயாமி நிலையத்தின் மேலும் அருகிலும் எழுந்த அலுவலகக் கோபுரங்கள் ரயில் தொடங்கிய அடுத்த ஆண்டே, 2019-ல், கைமாறின. விற்பனை குற்றம் என்று சொல்லமாட்டோம். கட்டுமானக் கடனை அடைக்க அதுவே விரைவான வழி. ஆனால் ரயிலை ஒரு நிறுவனமும் நிலத்தை அதன் சகோதர நிறுவனமும் வைத்திருந்தால், விற்ற பணம் எந்தக் கணக்குக்குப் போகும் என்பதை ஒப்பந்தம் சொல்லவேண்டும். தரையை நீண்டகாலக் குத்தகைக்கு மட்டும் விடுவது; கட்டடத்தை விற்றால் அந்த விலையில் ஒரு நிலையான சதவீதம் ரயிலின் இருப்புக் கணக்குக்கு வருவது; ரயில் நின்றால் குத்தகை உரிமை பொது அமைப்புக்குத் திரும்புவது. இந்த மூன்று விதிகள் இருந்தால் எங்கள் இரு தரப்பும் சமாதானமாகிவிடும்.

அடுத்து நிலையக் கட்டடம். எழுத்தில் அழகாக இருக்கும் திட்டங்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்கும். தண்டவாளத்துக்கு மேலே பின்னாளில் கோபுரம் கட்டுவோம் என்றால், அதற்கான அடித்தளமும் தூண்களும் பாதை போடும்போதே இறங்கவேண்டும். ரயில் ஓடத் தொடங்கியபின் தூண் போடுவதற்கு இரவில் கிடைப்பது மூன்று, நான்கு மணி நேர இடைவெளிதான். அதில் பாதி நேரம் பாதுகாப்பு ஏற்பாட்டுக்கும் பாதையைத் திரும்ப ஒப்படைப்பதற்கும் போய்விடும். செலவு பல மடங்காகும். தூண்கள் தடம்புரளும் ரயிலின் மோதலையும் தாங்கவேண்டும். மணிக்கு 120 கிலோமீட்டர்வரை ரயில் ஓடும் இடத்தில், தண்டவாள மையத்திலிருந்து 3 முதல் 5 மீட்டருக்குள் நிற்கும் சுவர் போன்ற தாங்கிகளுக்குப் பாதை நீளவாக்கில் 4,000 கிலோநியூட்டன், குறுக்கே 1,500 கிலோநியூட்டன் மோதல் விசையை ஐரோப்பியக் கட்டுமான விதி எடுத்துக்கொள்கிறது. இதை வடிவமைப்பின் கடைசிக் கட்டத்தில் நினைவுபடுத்தினால் தூண் பருக்கும், நடைமேடை குறுகும். டீசல் எஞ்சின் என்றால் மேல்தளத்துக்குக் கீழே புகையை இழுக்கும் விசிறிகளுக்கும் குழாய்களுக்கும் இடம் வேண்டும். மேலே வீடுகள் வரும் என்றால் பாதைப் படுகைக்கு அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர் விரிப்பு வேண்டும். இவற்றில் எதையும் பின்னால் சேர்ப்பது மிகக் கடினம்.

நடைமேடையின் நீளத்தையும் இப்போதே எதிர்காலத்துக்குப் போட்டுவிடுங்கள். ஒரு பெட்டி 26 மீட்டர் என்றால் பத்துப் பெட்டியும் இரு முனையிலும் எஞ்சினுமாக 300 மீட்டரைத் தாண்டும். இன்று நான்கு பெட்டி ஓடினாலும் 300 மீட்டருக்கு நேரான, சமமான தரை ஒதுக்கப்பட்டிருக்கவேண்டும். அந்த இடத்தில் ஒரு கடை வரிசை வந்துவிட்டால் பிறகு ரயிலை நீட்டவே முடியாது. முனைய நிலையத்தில் ஒரு ரயில் வந்து, சுத்தம் செய்து, ஊழியர் மாறிப் புறப்பட 30 நிமிடம், பாதை காலியாக 5 நிமிடம். அப்படியானால் ஒரு நடைமேடைப் பாதை மணிக்கு இரண்டு ரயிலைக்கூடத் தாங்காது. இரண்டு பாதை இருந்தால் மூன்று ரயில். ஒன்று தாமதமானால் அதுவும் இல்லை. உள்ளூர் ரயிலும் அங்கேயே வரவேண்டும் என்றால் நான்கு பாதை இல்லாமல் நேர அட்டவணை நிற்காது.

உள்ளூர் ரயில் என்று சொன்னதும் மயாமியில் நடந்ததைச் சொல்லியாகவேண்டும். தனியார் நிலையத்துக்குள் பொதுத்துறைப் புறநகர் ரயிலான ட்ரை-ரெயிலும் வருவதற்காகப் பொதுப்பணம் போடப்பட்டது. கட்டி முடிந்தபின், 2021-ல், அந்த ரயிலின் கீழ்ப்படிக்கட்டு நடைமேடை விளிம்பில் சில அங்குலம் இடிக்கும் என்று தெரியவந்தது. மேம்பாலத்தின் தாங்குதிறன் பற்றியும் கேள்வி எழுந்தது. சேவை தொடங்க 2024 ஜனவரி ஆயிற்று. தனியார் ரயிலுக்கு உயர்ந்த நடைமேடை, பழைய ரயிலுக்குத் தாழ்ந்த படிக்கட்டு என்று இருந்தால் ஒன்றின் விளிம்பு மற்றதின் உடலைத் தொடும். இதைத் தவிர்க்கச் செலவு மிகக் குறைவு: அந்தப் பாதையில் வரப்போகும் ஒவ்வொரு வகைப் பெட்டியின் குறுக்குவெட்டு வரைபடத்தையும் நடைமேடை வரைபடத்தின் மேல் வைத்து, வளைவில் பெட்டியின் நடுப்பகுதியும் முனைகளும் எவ்வளவு வெளியே தள்ளும் என்பதையும் சேர்த்து, இரு நிறுவனப் பொறியாளர்களும் கையெழுத்திடவேண்டும். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பு, பலகையால் அதே அகலத்துக்கு ஒரு சட்டம் அடித்துத் தள்ளுவண்டியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம்.

வாகன நிறுத்தம்: தரைமட்டத்தில் ஒரு காருக்கு, அது திரும்பும் வழியையும் சேர்த்து, 25 முதல் 30 சதுர மீட்டர். ஆயிரம் காருக்கு 3 ஹெக்டேர்வரை. நிலையத்துக்கு மிக அருகிலுள்ள, மிக விலையுயர்ந்த 3 ஹெக்டேர்! அடுக்குமாடி நிறுத்தம் கட்டச் சொல்லுங்கள். தளங்கள் சாய்வில்லாமல் சமமாகவும், ஏறுவழி தனியாகப் பிரித்தெடுக்கக் கூடியதாகவும், அலுவலகத்துக்குப் போதுமான தள உயரத்துடனும் இருந்தால், கார் குறையும் காலத்தில் அதையே வேறு பயனுக்கு மாற்றலாம்.

லெவல் கிராசிங் பற்றிச் சற்று நீளமாகவே எழுதுகிறோம், ஏனென்றால் இதில் போவது உயிர். பிரைட்லைன் பெரும்பகுதி ஓடுவது ரயில் தொழிலதிபர் ஹென்றி ஃபிளாக்லர் காலத்துப் பழைய சரக்கு ரயில் பாதையில். அது ஊர்களின் நடுவே, சாலைகளைத் தரைமட்டத்தில் வெட்டிக்கொண்டு போகிறது. ரயில் தொடங்கியதிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் அந்தப் பாதையில் இறந்திருக்கிறார்கள். கேட்டைச் சுற்றி வந்த வாகனங்களும் பாதைக்குள் நடந்தவர்களும் அதில் பெரும்பாலோர். ரயில்மீது பிழையில்லை என்று அறிக்கை எழுதிவிடலாம். வடிவமைப்பு என்ன செய்திருக்க முடியும் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

கணக்கு இது. மணிக்கு 177 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 49 மீட்டர். கேட் மூடி 30 நொடியில் ரயில் வரவேண்டும் என்றால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலேயே ரயிலைக் கண்டுபிடிக்கவேண்டும். அதே இடத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சரக்கு ரயில் வந்தால், அதே உணர்கருவிக்குக் கேட் ஒன்றரை நிமிடம் மூடிக் கிடக்கும். பத்து நாள் அப்படிக் காத்திருந்த ஓட்டுநர் பதினோராம் நாள் கேட்டைச் சுற்றிப் போவார். அன்று வருவது வேக ரயிலாக இருக்கும். எனவே வேகத்தை அளந்து எல்லா ரயிலுக்கும் ஒரே எச்சரிக்கை நேரம் தரும் கருவி வேண்டும். சாலையின் இரு பக்கமும் இரு திசையிலும் மூடும் நான்கு கைக் கேட் வேண்டும். அணுகுசாலை நடுவில் தாண்ட முடியாத தடுப்பு வேண்டும். ஊருக்குள் பாதை நெடுக வேலி வேண்டும். ஆனால் வேலி மட்டும் போட்டு நடைபாலம் போடாவிட்டால் ஒரு வாரத்தில் வேலியில் ஓட்டை விழும். அமெரிக்க விதியில் மணிக்கு 125 மைலுக்கு (சுமார் 200 கிலோமீட்டர்) மேல் லெவல் கிராசிங்குக்கே இடமில்லை. புளோரிடாவின் கோகோ ஊரிலிருந்து ஆர்லாண்டோவரை 125 மைல் வேகத்துக்குப் புதிதாக அமைத்த பகுதியில் கிராசிங்கே வைக்கவில்லை. பழைய பாதையில் எத்தனையை மேம்பாலமாக்குவது, எத்தனையை மூடுவது, யார் பணம் என்ற பட்டியல் அனுமதிக்கு முன்பே இணைப்பாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அந்தச் செலவு ஒவ்வொன்றாக உங்கள் நகராட்சி வரவுசெலவுக்குள் நுழையும்.

இதைச் சொல்லும்போதே 'ஒரு காசு செலவில்லை' என்ற வாசகத்தையும் எடைபோட்டுவிடலாம். புளோரிடாவில் கடன் பத்திரங்கள் வட்டிக்கு வரிவிலக்குப் பெற்றவை. அந்த வரியை விட்டுக்கொடுத்தது அரசு. இடையில் சேர்ந்த நிலையங்களில் உள்ளாட்சிகளின் பணம் இருக்கிறது. லாஸ் வேகாஸிலிருந்து கலிபோர்னியாவுக்கு அதே குழுமம் எடுத்திருக்கும் பாதைக்கு 2023-ல் 300 கோடி டாலர் கூட்டாட்சி மானியம் அறிவிக்கப்பட்டது. தருவதில் தவறில்லை. தருகிறோம் என்று பெயரிட்டு, அதற்கு ஈடாக என்ன பெறுகிறோம் என்று எழுதித் தரவேண்டும்.

அந்த ஈட்டில் முதன்மையானது இருக்கை. நீண்ட பாதையில் குறும்பயணி ஒருவர் பாதி வழிக்கு ஏறினால், முழு வழிக்கான டிக்கெட் ஒன்று விற்காமல் போகும். பெட்டிகள் குறைவாக இருக்கும்போது நிறுவனம் குறும்பயணியையே விலக்கும். 2024-ல் பிரைட்லைன் தன் தினப்பயணிச் சலுகை அட்டைகளை நிறுத்தியது இந்த நெருக்கடியில்தான். வணிகமாகப் பார்த்தால் அது சரி. ஆனால் அந்த அட்டையை நம்பி நிலையத்தருகே வீடு பிடித்தவருக்கு அது வேறு. நிலைய வட்டார வளர்ச்சிக்கு அடிப்படையே தினப்பயணி என்னும்போது, அவருக்கான இருக்கை எண்ணிக்கையை ஒப்பந்தத்திலேயே கட்டவேண்டும். அல்லது அதே தண்டவாளத்தில் பொதுப் புறநகர் ரயிலுக்கு மணிக்கு இத்தனை இடம், இன்ன கட்டணம் என்று முன்கூட்டியே வாங்கிவைக்கவேண்டும். பின்னால் கேட்டால் சந்தை விலை சொல்வார்கள்.

பயணியர் மதிப்பீட்டை விண்ணப்பதாரர் தரும் அறிக்கையிலிருந்து எடுக்காதீர்கள். கால்வாய்ச் சுரங்கத்தில் ஓடும் யூரோஸ்டார் ரயிலுக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல் பயணிகள் வருவார்கள் என்று கணித்தார்கள். 1995-ல் வந்தவர்கள் சுமார் 29 லட்சம். நீங்கள் அமர்த்தும் ஆய்வாளரிடம் மூன்று கோடுகள் கேளுங்கள்: எதிர்பார்ப்பு, அதில் 70 சதவீதம், எதிர்பார்ப்பில் பாதி. ஒவ்வொன்றிலும் ஐந்தாம் ஆண்டுவரை வட்டி எப்படிக் கட்டப்படும் என்று காட்டவேண்டும். குறைந்தது மூன்று ஆண்டு வட்டிக்கான பணம் தனிக் கணக்கில் இருக்கட்டும். பிரைட்லைன் 2025 ஜூலையில் தன் பத்திரங்களில் ஒரு பகுதிக்கு வட்டியைத் தள்ளிவைத்தது. ரயில் அன்றும் ஓடியது. ஆனால் தள்ளிவைப்பு எத்தனை முறைவரை செல்லும், அதன்பின் சாவி யார் கைக்கு வரும் என்பது உங்கள் ஒப்பந்தத்தில் தேதியோடு இருக்கவேண்டும். கடன் கொடுத்தவர்கள் ரயிலை எடுத்தால் நிலமும் அதோடு வரவேண்டும். பராமரிப்புப் பணிமனை, உதிரிபாகக் கிடங்கு, சிக்னல் மென்பொருள் உரிமம், ஓட்டுநர் பயிற்சிப் பதிவேடு ஆகியவையும் வரவேண்டும். பணிமனை வேறு நிறுவனத்தின் பெயரில் இருந்தால், பெட்டிகள் கையில் இருந்தும் பத்து நாளுக்கு மேல் ஓட்ட முடியாது.

விண்ணப்பதாரரோடு முதல் சந்திப்புக்குப் போகும்போது நான்கு தாள்களை மட்டும் கேளுங்கள்: சர்வே எண் வாரியான நிலப் பட்டியல், கிராசிங் பட்டியல், பாதி எண்ணிக்கைப் பயணிகளில் வட்டி கட்டும் கணக்கு, குழுமத்தின் எந்த நிறுவனம் எதை வைத்திருக்கிறது என்ற படம். நான்கும் கையில் இல்லாமல் அடுத்த சந்திப்புக்குத் தேதி கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ரயில் பாதை, நிலைய வடிவமைப்பு, நகரமைப்பு, திட்ட நிதி ஆகிய துறைகளில் பணிபுரிவோர்